கோட்டுக்கு வந்த கணக்கு

அயனம்பாக்கத்தில் தங்கவேல் வீட்டு பீரோ ஓர் ஆள் நிற்கும் அளவுதான். அதற்கும் அவர் சட்டம் போட்டிருந்தார். வருஷ ஆரம்பத்தில் ஹேங்கர்களையெல்லாம் கொக்கியைத் திருப்பி மாட்ட வேண்டும். உடுத்திய துணியை மட்டும் நேராக மாட்டலாம். வருஷக் கடைசியில் திரும்பியே கிடப்பது வெளியே போகும். செல்லில் பார்த்ததைச் சொந்தக் கண்டுபிடிப்பு போல கம்பெனி முழுக்க வகுப்பெடுத்தார்.

வருஷம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்தார். கல்யாண ரிசப்ஷனுக்குப் பிறகு தொடாத கோட்டு நேராகத் தொங்கியது.

"சாமுண்டி, இத்த யாரு திருப்பினது?" என்றார் மனைவியிடம்.

"நீதான். ஞாயித்துக்கிழம ஆனா மாட்டிக்கினு வெளிய போறியே."

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கட்டிலை விட்டு இறங்குவதே சாப்பாட்டுக்குத்தான்.

"தொப்ப இடிச்சு பட்டனே போட முடியாதேடி."

"நல்லாத்தான் கீது. பாக்க மரியாதையா கீற."

சட்டப்படி கோட்டு வீட்டில் இருக்க வேண்டியது. தங்கவேலுக்கு முதல்முறையாகத் தன் சட்டத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. கோட்டை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று போய் ஒரு பையோடு திரும்பி வந்தார். பீரோவில் வெறும் ஹேங்கர் ஆடிக்கொண்டிருந்தது.

வாசலில் கோட்டு மாட்டிய, அச்சு அசல் அவரைப் போலவே ஒரு முதுகு தெரிந்தது; அதை வழியனுப்பும் சாமுண்டீஸ்வரியின் குரல் கேட்டது. அவ்வளவு பதமாக அவள் அவரிடம் பேசிப் பல வருஷம் ஆகியிருந்தது.

"சீக்கிரம் வந்துடுய்யா. மீன் கொழம்பு ஆறிப்போவும்."