பூதமுடக்கி உயிரோடு இருக்கிறானா?

வல்லரசு உயிரோடு இருக்கிறானா, செத்துவிட்டானா என்று முடிவு செய்ய மூன்று பேரும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்திருந்தார்கள்.

வல்லரசு முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தான்.

சரியாகச் சொன்னால், செத்தது அவன் இல்லை. விழுப்புரத்தில் கல்லூரியில் படித்தபோது மூவரும் சனிக்கிழமைதோறும் ஆடிய விளையாட்டில் அவன் எடுத்திருந்த வேஷம். பூதமுடக்கி என்று பெயர்.

அந்த விளையாட்டில் ஒருவர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, இப்போது நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடையும் விதிப் புத்தகமும் சொல்லும்.

கலைமதி கதை சொல்வாள். சித்தார்த்தன் மந்திரவாதி. வல்லரசு மாவீரன்.

அந்த மாவீரன், ஏழு தலை அரக்கனை வெட்டப் போகிற வழியில், ஓடிப்போன ஓர் ஆட்டைப் பிடிக்கப் போய்ப் பாழுங்கிணற்றில் விழுந்தான். பகடையில் ஒன்று விழுந்தது. புத்தகத்தைப் புரட்டினார்கள். சாவு.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் ஆடினார்கள். பிறகு படிப்பு முடிந்தது. சித்தார்த்தன் சென்னைக்குப் போனான். கலைமதிக்குத் திண்டிவனத்தில் பேங்க் வேலை. வல்லரசு சொந்த ஊரான திருவெண்ணெய்நல்லூரில் கரும்பு போட்டான். அரக்கன் ஏழு தலையும் அப்படியே இருக்க, பல வருடம் நிம்மதியாக இருந்தான்.

போன வாரம் மறுபடி ஆடலாமா என்று கலைமதி வாட்ஸப் குரூப்பில் கேட்டாள். வல்லரசு உடனே ‘வர்றேன்’ என்று போட்டான். எங்கே, என்றைக்கு என்று கேட்கவில்லை.

இப்போது மேசை மேல் இரண்டு புத்தகங்கள் இருந்தன.

ஒன்று பழையது. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்டது, சாம்பார்க் கறையோடு. இன்னொன்று சித்தார்த்தன் சென்னையில் வாங்கி வந்த புதிய பதிப்பு. கெட்டி அட்டை, கலர் படங்கள், தலைக்கு வைத்துப் படுக்கலாம்.

புதிய விதிப்படி கிணற்றில் விழுகிறவன் உடனே சாகமாட்டான். வேரைப் பிடிக்கலாம். வாளைச் சுவரில் செருகித் தொங்கலாம். இரண்டும் நடக்காவிட்டால் கூட வந்தவன் கயிறு போடலாம். சித்தார்த்தன் பஸ்ஸிலேயே படித்துக் கோடு போட்டு வைத்திருந்தான். மந்திரவாதியின் மூட்டையில் கயிறு இருந்தது என்பதையும் நினைவூட்டினான்.

வல்லரசு பப்ஸை மென்று விழுங்கிவிட்டு, பழைய புத்தகமே போதும் என்றான்.

அதில் நீ பிணம் என்று சித்தார்த்தன் எடுத்துச் சொன்னான். அது தெரியும் என்றான் வல்லரசு.

“உன்ன எழுப்பத்தான்டா இம்மா வெயிட்டத் தூக்கினு வந்தேன்.”

“செத்தவன் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன், வுடுடா.”

சித்தார்த்தனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஏழு தலையை யார் வெட்டுவது? அவனுடைய மந்திரவாதிக்குத் தெரிந்தது விளக்கேற்றும் மந்திரமும், கழுதைகளோடு பேசும் மந்திரமும்தான். கிணறு எவ்வளவு ஆழம், பிணத்தை எப்படி மேலே கொண்டுவருவது, இத்தனை வருடம் கழித்து எழுப்பினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று சத்தமாகவே கணக்குப் போட ஆரம்பித்தான்.

பேக்கரிக்காரர் கோதண்டபாணி துணியோடு வந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைத்தார். கிணறு எந்த ஊரில் இருக்கிறது, போலீசுக்குச் சொல்லியாயிற்றா என்று மெதுவாகக் கேட்டார்.

விழுந்தது இவன்தான் என்று சித்தார்த்தன் வல்லரசைக் காட்டினான்.

கோதண்டபாணி வல்லரசை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கல்லாவுக்குப் போய் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்.

பகடையைக் கையில் உருட்டிக்கொண்டிருந்த கலைமதி, கிணற்றிலிருந்து எழுந்து வர ஏன் மனசில்லை என்று மட்டும் வல்லரசைக் கேட்டாள்.

வல்லரசு மேசையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னான்.

“பழைய புக்குல, செத்தவங்க கதை சொல்றவங்க பக்கத்துல உக்காந்துகினு பேய்ங்களுக்குப் பகடை உருட்டணும்னு இருக்குது இல்ல. எனக்கு அது புடிச்சிருந்துச்சி.”

சித்தார்த்தனுக்கும் அந்த விதி ஞாபகம் இருந்தது. எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை. விதி என்றால் பக்க எண்ணோடு வேண்டும் அவனுக்கு. பழைய புத்தகத்தை இழுத்துத் தேடினான். சாவு என்கிற அத்தியாயத்தில் இல்லை. பேய்களில் இல்லை. விருந்தாளிகள் என்கிற தலைப்பில்கூடப் பார்த்தான்.

கலைமதி அவன் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி மூடினாள். கதை சொல்வது தான்தான் என்றும், பழைய புத்தகப்படியே ஆடலாம் என்றும் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் இருந்த தன் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்தாள்.

வல்லரசு எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

சித்தார்த்தன் எவ்வளவு தேடியிருந்தாலும் அந்த விதி கிடைத்திருக்காது. பூதமுடக்கி செத்த அன்று, இனி தனக்கு இங்கே என்ன வேலை என்று வல்லரசு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டான். அந்த விதியைக் கலைமதி அப்போதுதான் உண்டாக்கினாள்.

அதன் பிறகு கதைக்குள் ஏன் அத்தனை பேய்கள் வந்தன என்று சித்தார்த்தன் இன்று வரை யோசித்ததில்லை.