‘போறன்’ எண்டு சொல்லவேணும்

கடைசியான பதினெட்டாவது முறையும் மருந்து ஏறி முடிந்தது.

தயாளினியின் கையிலிருந்து தாதி ஊசியைக் கழற்றியபோது ஆஸ்பத்திரி வாட்டே கை தட்டியது. ஆகப் பலமாகத் தட்டியவர் பக்கத்துக் கட்டில் செபஸ்தியம்மா.

தட்டினாலும் அவருடைய கண் தயாளினியின் வாயிலேயே இருந்தது.

காரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் யாரும் ‘போறன்’ என்று சொல்லிவிட்டுப் படி இறங்குவதில்லை. அது ஆகாத சொல். ‘போட்டு வாறன்’ என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனால் மார்புப் புற்றுநோய் வாட்டில் நின்று ‘வாறன்’ என்றால்? நோயைக் கூட்டிக்கொண்டு திரும்ப வருகிறேன் என்றல்லவா ஆகிவிடும்!

ஆகவே செபஸ்தியம்மா, வந்த இரண்டாம் தடவையே சட்டம் போட்டுவிட்டார். சிகிச்சை முடிந்தவள் ‘போறன்’ என்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒருத்தி பழக்கதோஷத்தில் ‘வாறன்’ என்றுவிட்டாள். வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு, மாற்றிச் சொல்லவைத்த பிறகுதான் அனுப்பினார்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவருக்கு இது விளையாட்டில்லை.

இருவருக்கும் ஒரே வகைப் புற்று, ஒரே மருந்து. உடம்பிலுள்ள கெட்ட உயிர்க்கலங்களைத் தேடிப்போய், அவற்றுக்குள்ளே ஒரு மரபணு ஓயாமல் போடும் கூச்சலை வாசலிலேயே அடக்கிவிடும் மருந்து. அப்படி விளங்கப்படுத்தியதே தயாளினிதான். செபஸ்தியம்மாவுக்கு இன்றைக்கு மூன்றாவது முறை. பயத்தில் நேற்று முழுவதும் சோறு இறங்கவில்லை. இவள் சுகமாகி வெளியே போனால் நானும் போவேன் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்.

தயாளினி பையைத் தோளில் மாட்டினாள். ஸ்கானில் ஒன்றுமில்லை என்று நேற்றே சொல்லிவிட்டார்கள். முகம் பூரித்துப்போயிருந்தது.

நேரே வந்து செபஸ்தியம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அப்ப நான் போட்டு வாறன், அம்மா.”

கை தட்டிய வாட்டு அப்படியே செபஸ்தியம்மாவைத் திரும்பிப் பார்த்தது.

செபஸ்தியம்மா கையை உதறப் பார்த்தார். அடி விசரி, ஒரு வருஷத்து மருந்தையும் ஒரு சொல்லில் ஊற்றிக் கொட்டிவிட்டாயே என்று ஏச வாயெடுத்தார். தாதி வேறு பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது.

தயாளினி பிடித்த கையை விடவில்லை.

“வரத்தானே வேணும்? நான் வேற ஆஸ்பத்திரியிலை நேர்ஸ், அம்மா. கேட்ட இடமாற்றம் கிடைச்சிட்டுது. திங்கக்கிழமையிலையிருந்து இந்த வாட்டிலைதான் டியூட்டி. உங்கடை நாலாவது மருந்தை நான்தான் ஏத்துவன்.”



செபஸ்தியம்மா, அடுத்த மருந்துக்கு இன்னும் மூன்று வாரம் கிடக்கிறதே என்று முதன்முதலாக அலுத்துக்கொண்டார்.