நீளமான ஜெபம்

"ஊழியத்துக்குன்னு இந்த நாட்டுக்கு வந்ததுலேர்ந்து நம்ம கூட்டத்தை ஈ காக்கா எட்டிப் பார்க்கல. இப்போ பாரு, மாடி வீட்டம்மா தினம் என்னை ஜெபம் பண்ணக் கூப்பிடறாங்க!" மிஷனரி கண்ணாடி முன் நின்று காலரைச் சரிசெய்தார்.

"சுருக்கமா முடிங்க. நீங்க ஆரம்பிச்சாலே எனக்குக் கண்ணைச் சொக்குது," என்றாள் மனைவி.

"என் அருமை உனக்கெங்க தெரியப் போகுது? அவங்க, 'இன்னைக்கு இன்னும் கொஞ்சம் நீளமா ஜெபிங்க'ன்னு கெஞ்சினாங்க!"

வேதாகமத்தை எடுத்துக்கொண்டு மிடுக்காக மாடியேறினார். மணியை அழுத்தும் முன்பே கதவு திறந்தது. கண் சிவந்து, தலை கலைந்து நின்றாள் அந்தப் பெண். எத்தனை இரவு அழுதாளோ! அவருக்கு மனசு உருகிவிட்டது.

"சொல்லுங்க சகோதரி, எதுக்காக ஜெபிக்கணும்?"

"எதுக்கு வேணும்னாலும் ஜெபிங்க, ஐயா," என்றபடி அவள் இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டு, அவருக்கு ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "உங்க ஜெபத்தைக் கேட்டாத்தான் இவன் தூங்கறான். கடைசியில அந்த ஆமென் மட்டும் மெதுவா சொல்லுங்க. நேத்து அதுலதான் முழிச்சிக்கிட்டான்."