வந்த வழி

"கடைசி மூணு வாரத்துல நீங்க ரெண்டு பேரும் எங்கெங்க போனீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க ஐயா."

கால்நடை டாக்டரம்மா கொட்டகை வாசலில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"தீவனக் கடைக்குப் போவேன். வேற எங்கயும் இல்ல" என்றார் ஆடுகளின் சொந்தக்காரர்.

பதினான்கு ஆடுகளில் ஆறு செத்துவிட்டன. மீதி எட்டும் மூக்கு ஒழுகி, வாயெல்லாம் புண்ணாகி நின்றன. மாலைக்குள் அவற்றையும் ஊசி போட்டுக் கொன்று புதைத்துவிடுவார்கள். குட்டியைப் பறிகொடுத்த கறுப்பாடு, அது படுத்திருந்த சாக்கையே முகர்ந்துகொண்டிருந்தது.

"இது புது வைரஸ். பாலத்துக்கு அந்தப் பக்கத் தெருவுலதான் முதல்ல வந்துச்சு. செருப்புல, துணியில ஒட்டிக்கிட்டு வரும். எப்படி வந்துச்சுன்னு தெரியலைன்னா அடுத்த கொட்டகையைக் காப்பாத்த முடியாது. அந்தத் தெருவுக்கு யாராவது போனீங்களா?"

"அந்தத் தெருவுல எங்களுக்கு யாரும் கிடையாது."

பக்கத்தில் நின்ற அவர் மனைவி பாலம் இருந்த திசையைப் பார்த்தாள். மூன்று வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகள், இவர் பேச்சை மீறி அந்தத் தெருப் பையனைக் கட்டிக்கொண்டு போனாள். அன்றோடு மகளைத் தலைமுழுகியவர்தான். அவள் பேரை எடுத்தாலே சோற்றை வைத்துவிட்டு எழுந்துவிடுவார்.

ஆனாலும் வாயில்லா ஜீவன்கள். இனியும் மறைத்தால் பாவம்.

"நான் போனேன் டாக்டரம்மா. என் மகளைப் பார்க்க. நான்தான் இதுங்களைக் கொன்னுட்டேன்."

கணவர் கத்துவார் என்று காத்திருந்தாள். அவர் கறுப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னைக்கும்மா போனீங்க?"

"போன செவ்வாய்க்கிழமை."

"முதல் ஆடு தீனி எடுக்காம படுத்தது?"

"மறுநாள். புதன்கிழமை."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள். "அப்ப உங்களால வரலம்மா. உள்ள போன நோய் வெளிய தெரிய நாலஞ்சு நாளாவது ஆகும். உங்களுக்கு முன்னாடியே யாரோ போயிட்டு வந்திருக்காங்க."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பழி தன் மேல் இல்லை என்பது கூட அந்த நேரத்தில் ஆறுதலாக இல்லை.

கணவர் டாக்டரம்மாவின் காகிதத்தைச் சுட்டிக் காட்டினார்.

"அதுக்கு முந்துன வெள்ளிக்கிழமைன்னு எழுதிக்கோங்க. நான்தான். தீவனம் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு, வாராவாரம் மக வீட்டு ஆட்டுக் கொட்டகைக்குள்ள மறைஞ்சு நின்னு, பேரன் வாசல்ல விளையாடறதைப் பார்த்துட்டு வருவேன்... மககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."