லாங் ஆர்ம் மெஷின் வாங்க வந்தவன்

"துணியத் தள்ளாதீங்க தம்பி! இதுல துணி நிக்குமுங்க, மெஷின்தான் நடக்கும்."

அப்ரோஸ் இடது கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டான். நாலு வருஷம் ஓவர்லாக் மெஷினில் பனியன் துணியைத் தள்ளித் தள்ளிப் பழகிய கை.

"பழக்கம்க்கா."

"கை சரி. அந்தக் காலு எதைத் தேடுதுங்க?"

குனிந்து பார்த்தான். வலது கால், அங்கே இல்லாத பெடலை மிதித்துக்கொண்டிருந்தது. கழுத்தில் இன்ச் டேப்போடு எதிரே நின்ற பெண் சிரித்துவிட்டாள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் அந்தத் தையல் மெஷின் ஷோரூமுக்குள் நுழைந்தான். உள்ளே அவள் ஒருத்திதான் இருந்தாள். "லாங் ஆர்ம் மெஷின் ஒண்ணு வாங்கணும்க்கா. ஓட்டிப் பாத்துத்தான் முடிவு பண்ணணும்" என்றான்.

"ஓனர் சாப்பிடப் போயிருக்காருங்க. வர்ற வரைக்கும் நான் காட்டறேன், வாங்க" என்று கூட்டிப் போனாள்.

வாங்குவதாவது! நாளைக் காலை அவனுக்கு வேலைக்கான ட்ரையல். பஞ்சு வைத்த குயில்ட் போர்வை தைக்கும் புதுக் கம்பெனியில், லாங் ஆர்ம் ஓட்டத் தெரியும் என்று போனில் அடித்துவிட்டிருந்தான். பழைய கம்பெனியில் ஆர்டர் இல்லையென்று நிறுத்திப் பத்து நாளாகிறது. அது ஊரில் தெரியாது. 'பெரிய மெஷின்ல ஆபரேட்டர் வேலை கெடச்சிருச்சும்மா' என்று போனிடம் வாயால் சொல்லியே டைப் ஆக்கி, குடும்ப குரூப்பில் நேற்றே அனுப்பியாயிற்று. கடையநல்லூரில் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

"மெஷின் யாருக்குங்க?"

"எங்க ராத்தாவுக்கு, எனக்கு மூத்தவ. உடுமலைப்பேட்டைல கட்டிக் குடுத்திருக்கோம். வீட்லயே போர்வை தைக்கப் போறா."

"ஊட்டுல எடம் இருக்குதுங்களா? இந்த ஸ்டாண்டு மட்டுமே பன்னண்டு அடி வருமுங்க."

"இருக்கு."

"டேப் வெச்சு அளந்தீங்களா?"

"அ... அளந்தோம்."

"அப்ப இதையே எடுங்க. அந்தா, மூலைல நிக்குதே சின்னது, வெலை கம்மின்னு அதுல ஆசைப்பட்றாதீங்க. மெஷினுக்குக் கை குட்டையா இருந்தா நாலு வரி தைக்கறதுக்குள்ள துணியச் சுருட்டோணும். பாவம், ராத்தாவுக்கு இடுப்பு போயிரும்."

அவளே கைப்பிடிகளைப் பிடித்து ஒரு பூ வரைந்து காட்டினாள். கட்டம் போட வரும்போது ஒரு மூலை கோணியது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்கே இப்படித்தானுங்க. நீங்க புடிங்க."

பிடித்தான். நூல் அறுந்தது. கோத்துக் கொடுத்தாள். மறுபடி அறுந்தது. மறுபடி கோத்தாள். முகம் சுளிக்கவில்லை.

"நீங்க ஒண்ணு எடுத்தா ஓனரு சந்தோசப்படுவாருங்க. மூணு மாசமா இதுல ஒண்ணு கூடப் போகலியாம். நல்ல மனுசனுங்க."

அப்ரோஸுக்குக் காது மடல் சுட்டது. அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள்.

"ராத்தா நம்பரச் சொல்லுங்க. எடம் எப்படி ஒதுக்கறதுன்னு நானே போன் போட்டுச் சொல்றேன்."

"ராத்தா இல்லக்கா."

"வெளிய போயிருக்காங்களா?"

"எனக்கு ராத்தாவே கெடையாதுக்கா."

பேனா நின்றது. அவன் அவள் முகத்தைப் பார்க்காமல், தரையில் கிடந்த நூல் துண்டுகளைப் பார்த்தே எல்லாவற்றையும் சொன்னான்.

"மெஷின் வாங்குற ஆளு நான் இல்லக்கா. நாளைக்கு ட்ரையல். சும்மா கேட்டா தொடவே விட மாட்டீங்கன்னு இப்படி வந்துட்டேன். வெளிய போன்னு சொல்லிருங்க, போயிருதேன்."

"எந்தக் கம்பெனிங்க?"

"அவிநாசி ரோட்டுல புதுசா வந்திருக்கே, குயில்ட் கம்பெனி. ஒரே ஒரு ஆளுதான் எடுக்காங்களாம்."

அவள் கைப்பிடியைத் துணியால் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

"கேக்க வாயில்லாம, இல்லாத ராத்தாவ உடுமலைல குடி வெச்சீங்களாக்கும்?"

அவன் புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"சரி, அழுவாதீங்க. வாங்க, புடிங்க. மூலைக்கு வந்ததும் ஒரு நொடி நிக்கோணும். நீங்க நிக்காமத் திரும்பறீங்க, அதான் கோணுது. ட்ரையல்ல மொதல்ல மூலையத்தான் பாப்பாங்களாம்."

"வேணாம்க்கா. எனக்கு அசிங்கமா இருக்கு."

"அசிங்கப்பட்டுட்டே ஓட்டுங்க. நேரம் போவுது."

முதல் மூலை கோணியது. ஐந்தாவது மூலை நறுக்கென்று விழுந்தது. அவனைவிட அவள்தான் உரக்கச் சொன்னாள்: "அவ்வளவுதானுங்க!"

வாசலில் பைக் வந்து நின்றது. ஷோரூம் ஓனர் லிங்கசாமி கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். இவரிடமாவது முதலிலேயே உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று அப்ரோஸ் இரண்டு எட்டு முன்னால் வைத்தான்.

அவர் அவனைக் கவனிக்காமல் அந்தப் பெண்ணிடம் கேட்டார்: "ஏம்மா வேல்விழி, 'குயில்ட் கம்பெனில நாளைக்கு ட்ரையல், ஒரு மணி நேரம் மெஷினக் குடுங்கண்ணா, பழகிக்கறேன்'னு கேட்டியேன்னு உட்டுட்டுப் போனேன், உன்ற நேரம் முடிஞ்சுது, நல்லாப் பழகிட்டியா கண்ணு?"