எட்டுக் கிலோ

“அமுக்கினா எகிறணும்யா! எகிறலைன்னா அது பஞ்சு இல்லை, தண்ணி!”

லாரிக்காரனின் மூக்குக்கு நேரே கட்டைவிரலை நீட்டினான் அவன். அவிழ்த்த மூட்டைக்குள் அந்த விரல் போட்ட பள்ளம் எழும்பாமல் அப்படியே கிடந்தது.

“எடை சரியாத்தானே காட்டுது?” லாரிக்காரன் இழுத்தான்.

“காட்டாம என்ன செய்யும்? தண்ணிக்கு எடை இல்லையா? உள்ள பாதி காலி. வழியில நாலு குடம் ஊத்தி சரிக்கட்டியிருக்கே. தராசை ஏமாத்தலாம், என் விரலை ஏமாத்த முடியுமா?”

கிடங்கே சிரித்தது. அந்தப் பஞ்சுக் கிடங்கில் அவனுக்குப் பெயரே ‘கட்டைவிரல்’தான். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஈர மூட்டைகூட அவனைத் தாண்டி உள்ளே போனதில்லை.

“சரி மேஸ்திரி, லாரியைத் திருப்பி அனுப்புங்க. எனக்கு வாசல்ல வேலை இருக்கு” என்று தலைத்துண்டை உதறிக்கொண்டு ஓடினான்.

வாசலில் நர்ஸம்மா எடை பார்க்கிற தராசை உத்தரத்தில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். கிடங்குத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கு மாசம் ரெண்டு தடவை எடை பார்ப்பது வழக்கம். போன தடவை அவனுடைய ரெண்டு வயசு மகள் ஏழு கிலோவைத் தாண்டுவதற்கே முக்கியிருந்தாள். நர்ஸம்மா கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: “அடுத்த தடவை எட்டு வரலைன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்க்கணும். அம்மாவும் கூடவே ஒரு மாசம் தங்கணும்.”

ஒரு மாசமா? நாலு மாசம் பூட்டிக் கிடந்த கிடங்கு இப்போதுதான் திறந்திருக்கிறது. பஞ்சு பிரிக்கிற இடத்தில் அவன் மனைவி ஒரு மாசம் இல்லையென்றால் அங்கே வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள். பூட்டிக் கிடந்த காலத்தில் ரெண்டாவது குழந்தையும் பிறந்து, மூத்தவளுக்குத் தாய்ப்பால் நின்று, காலையும் மாலையும் வெறும் கஞ்சித் தண்ணிதான். அந்த நாட்களுக்குத் திரும்பிப் போக அவனுக்குத் தெம்பு இல்லை.

“ஏங்க, இவளை வாங்குங்க! கை கடுக்குது எனக்கு!”

தோளில் கைக்குழந்தையும் இடுப்பில் மகளுமாக மனைவி ஓட்டமும் நடையுமாக வந்தாள். வாங்கியவன் வாயெல்லாம் பல்லானான்.

“அடி என் பூசணிக்காயே! கன்னத்தைப் பாரு, ஊதி வச்ச மாதிரி!”

“செருப்பு ஏறலைங்க. கால் அவ்வளவு வளர்ந்திருக்கு.”

“வளரட்டும், வேற வாங்குவோம்!”

“முன்னெல்லாம் பசி பசின்னு தெருவையே கூட்டுவா. நாலு நாளா வாயே திறக்கலை. கஞ்சியைக்கூட வேணாம்னு தள்ளிடறா.”

“வயிறு நிறைஞ்ச புள்ளை எதுக்குடி அழும்?”

மூட்டையை அப்படியே போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் வாசலுக்கு வந்துவிட்டது.

“எட்டு வரலைன்னா என் மீசையை எடுத்துடறேன்!” என்றார் மேஸ்திரி.

“எடுத்தா பாதி மூட்டை பஞ்சு தேறுமே மாமா!” என்றாள் பஞ்சு பிரிக்கிற ஒருத்தி.

“வாயை மூடு. முள்ளு ஆடுது பாரு!”

துணித் தூளியில் மகளை உட்காரவைத்தான். கொக்கி கிறீச்சிட்டது. முள் ஏழில் தடுமாறி, ஏழரையைத் தாண்டி, நடுங்கிக்கொண்டே மேலே போனது.

“ஏழே முக்கால்… ஏறு, ஏறு… எட்டு! எட்டைத் தாண்டிடுச்சுடா!”

கிடங்கு அதிர்ந்தது. யாரோ தகரத்தைத் தட்டினார்கள். மேஸ்திரி மீசையை முறுக்கினார். மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

“பார்த்தீங்களாடா என் பொண்டாட்டி சாமர்த்தியத்தை! வெறும் கஞ்சித் தண்ணியிலயே தேத்திட்டா!” அவன் குதித்தான். “எழுதுங்கம்மா, எட்டுக்கு மேலே! ஆஸ்பத்திரி எல்லாம் இனி வேணாம்தானே?”

நர்ஸம்மா எழுதவில்லை. பேனாவைக் காதில் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். பிள்ளையை இறக்கி, ரெண்டு பாதங்களையும் தன் மடியில் வைத்தாள். பாதங்கள் எண்ணெய் தடவியதுபோல மினுமினுத்தன. அவற்றின் மேல் தன் ரெண்டு கட்டைவிரல்களையும் வைத்து அழுத்தினாள். உதட்டுக்குள் ஒன்று, ரெண்டு என்று எண்ணினாள்.

“என்னம்மா, என் தொழிலுக்கே வேட்டு வைக்கறீங்களா?” என்றான் அவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

நர்ஸம்மா விரல்களை எடுத்தாள்.

சிரித்துக்கொண்டே குனிந்தவன் குனிந்தபடியே நின்றான். பிஞ்சுப் பாதங்களில் ரெண்டு பள்ளங்கள். அவன் காத்திருந்தான். அவை எழும்பவில்லை.

“அண்ணே, இது சதை இல்லை. சத்தே இல்லாத உடம்பு வீங்கி…”

“சொல்ல வேணாம்மா” என்றான் கட்டைவிரல், தகரச் சத்தத்துக்கு நடுவே. “தண்ணி. உள்ள காலி. ஆஸ்பத்திரி வண்டியைக் கூப்பிடுங்க.”