நூல்புழு

வாடிய கத்தரிச் செடியைப் பிடுங்கிக் காட்டினாள் தோட்ட வேலைக்கு வரும் குப்பம்மா. வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது.

"நூல்புழுங்கய்யா. கண்ணுக்கே தெரியாது. வேரைக் கெடுத்துடும்."

பென்ஷன் வாங்கிக்கொண்டு ஆம்பூரில் குடியேறியிருந்த தேவசகாயம், "இந்தப் பேரை யாரும்மா வச்சது?" என்று கேட்டார்.

"யாரு வைப்பாங்க? எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இதாங்க பேரு."

இருபது வருடங்களுக்கு முன் அவர் வேலூரில் விவசாய இலாகா மொழிபெயர்ப்பாளர். இங்கிலீஷ் பிரசுரத்தில் 'ஈல்வார்ம்' என்றிருந்ததை, 'ஈல்' என்றால் விலாங்கு மீன் என்று அகராதியில் பார்த்து, 'விலாங்குப்புழு' என்று எழுதினார். வீட்டில் படித்துக் காட்டியபோது மனைவி சாராள் சிரித்துவிட்டாள்.

"கத்தரிக் கொல்லையில விலாங்கு எப்படி வரும்? நூல் மாதிரி இருக்கும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நூல்புழுன்னு போடுங்களேன்."

அப்படியே அச்சாகி ஊர் ஊராகப் போனது.

சாராள் இறந்து நான்கு வருடமாகிறது.

"அந்தப் பேரை இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார் தேவசகாயம்.